கத்தரிப்பூவுக்கு எத்தனை சொட்டு

பாரதிபுரம் பக்கத்தில் கேக் என்றால் சுகந்தினி. கேக்கின் நிறம் என்றால் அவளுடைய கணவன் பிரதீபன். சீலையைக் காட்டினால் அதன் நிறத்தை அப்படியே கேக்கில் இறக்கிவிடுவான் என்று கிளிநொச்சியில் அவன் கண்ணுக்கு ஒரு பெயர் இருந்தது. அதுவும் மென்மையான நிறங்களில். அழுத்தமான சிவப்பை யாரும் அடித்துவிடலாம். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கிற ரோசாவை அடிப்பதற்குத்தான் கண் வேண்டும் என்பார்கள்.

அந்தக் கண்ணுக்கு ரோசாவும் சாம்பலும் ஒன்று. கத்தரிப்பூ நிறமும் இளநீலமும் ஒன்று. இது பிரதீபனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவனுக்கே அது இருபத்துநாலு வயதில்தான் தெரியவந்தது. சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்று சாரதிகளைத் தேடியது. எந்தச் சேற்றுக்குள்ளும் வாகனத்தைக் கொண்டுபோய் எடுத்து வரக்கூடியவன் பிரதீபன். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் ஒரு புத்தகத்தை அவன் முன்னால் விரித்து, என்ன இலக்கம் தெரிகிறது என்று கேட்டார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். அவனுக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. வீட்டுக்கு வந்து, ஆள் எடுத்து முடிந்துவிட்டதாம் என்றான். அப்போது அவனுக்கு நிச்சயமாகியிருந்த சுகந்தினியிடமும் அதையே சொன்னான். அவள் மூன்று நாள் அந்த நிறுவனத்தைத் திட்டினாள். அந்தத் திட்டு அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தபடியால் உண்மையைச் சொல்ல நல்ல நேரம் வரவே இல்லை.

நிறம் தெரியாதவன் என்று ஒரு வேலையில் கழிக்கப்பட்டவன் அடுத்ததாகப் போய்ச் சேர்ந்தது, வாகனங்களுக்கு பெயின்ற் அடிக்கும் கராஜ் ஒன்றில். அங்கே அவன் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. எந்தத் தகரத்திலிருந்து எத்தனை கிராம் என்று எழுதியும் இருக்கும். கண்ணை நம்பிக் கலந்தவர்களுடைய கார்களில் கதவு ஒரு நிறமாகவும் முன்மூடி இன்னொரு நிறமாகவும் வந்தன. தராசை நம்பிக் கலந்த பிரதீபனுடையது ஒருநாளும் பிசகவில்லை. நிறம் தெரியாத காரணத்தினாலேயே அவன் நிறத்தில் பிழைவிடாத மனிதன் ஆனான்.

சுகந்தினியின் கேக்குகளுக்கு ஓடர் கூடியபோது கராஜை விட்டுவிட்டு வீட்டோடு நின்றான். பெரிய ஸ்பிரே கன் போய், பேனை அளவு ஏர்பிரஷ் கைக்கு வந்தது. அயல்வீட்டு நல்லதம்பி அண்ணை படலையில் நின்று எச்சரித்தார்: "லொறிக்கு அடிச்ச கை. மெழுகுதிரியைக் கவனமாக் கொழுத்தச் சொல்லுங்கோ, கேக் பத்திப்போடும்."

கேக்குக்கு அடிக்கும் நிறங்களில் இலக்கம் இல்லை. அதனால் பிரதீபன் தானே ஒரு கொப்பி உண்டாக்கினான். அதில் முப்பத்தெட்டு நிறங்கள். எல்லாம் வெள்ளையில் தொடங்கும். பத்துச் சொட்டு வெள்ளைக்கு நாவற்பழ நிறம் இரண்டு, ரோசா ஒன்று என்றால் அது கத்தரிப்பூ. சுகந்தினி சீலையைப் பார்த்து, பரந்தன் பிறந்தநாளுக்கு அடித்த நிறம், ஆனால் கொஞ்சம் ரோசாப் பக்கம் என்று துண்டெழுதி வைப்பாள். அவன் கொப்பியைப் பார்த்து எண்ணுவான். புதிய போத்தல் ஏதும் வந்தால்தான் சிக்கல். அப்போது ஒரு கோப்பையில் நாலு பொட்டு வைத்து மனைவியிடம் நீட்டுவான். "இதில உனக்கு எது பிடிச்சிருக்கு?" அவள் ஒன்றைக் காட்ட, அதன் சொட்டுக் கணக்கு கொப்பியில் ஏறிவிடும். எங்கட ஆள் என்னைக் கேட்காமல் ஒரு சொட்டும் போடமாட்டார் என்று சுகந்தினி கோயிலில் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் வீட்டுக்குப் போய் அதைத் தங்கள் புருசன்மாரிடம் சொன்னார்கள். பாரதிபுரத்தில் பிரதீபனைப் பிடிக்காத ஆண்கள் சிலர் அன்றிலிருந்து இருக்கிறார்கள்.

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. மதியம் இரண்டு மணி இருக்கும். வட்டக்கச்சியிலிருந்து ஜெகதீஸ்வரி ஆட்டோவில் வந்து இறங்கினாள், மடியில் சீலைப்பெட்டி. பெரியபிள்ளையான அவளுடைய மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாமத்தியவீடு. பதினொரு வருசம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. மண்டபமும் ஐந்நூறு சனமும் சொல்லியாயிற்று. மூன்று தட்டுக் கேக் வெள்ளை ஐசிங்கோடு உள்ளே ஏசி அறையில் நிறத்துக்காகக் காத்திருந்தது.

ஜெகதீஸ்வரி சனிக்கிழமை வருவதாகத்தான் பேச்சு. ஆனால் சீலைக்கு மடிப்புப் பிடித்துக் கொடுக்கும் பெண் பரந்தனில் நாலு மணிக்கு முன் கொண்டுவரச் சொல்லிவிட்டாளாம். கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பிய சீலை. பிள்ளை உடுத்துமுன் வேறு வீட்டில் அதை விட்டுப்போகவும் மனமில்லை. ஆகவே இப்போதே, தன் கண்முன்னாலேயே நிறத்தைக் கலந்து காட்டினால் நிம்மதியாகப் போவேன் என்றாள்.

சுகந்தினி வீட்டில் இல்லை. கேக் தாங்கி வாங்க வவுனியாவுக்குப் போயிருந்தாள். அதைவிடப் பெரிய சங்கடம், வழமையாக வாங்கும் நாவல் நிறப் போத்தல் கடையில் முடிந்துபோய் வேறொரு கொம்பனியின் போத்தல் நேற்றுத்தான் வந்திருந்தது. அதை இன்னும் அவள் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. கொப்பியில் இருந்த கணக்கு அந்தப் போத்தலுக்குச் செல்லாது.

பிரதீபன் தேத்தண்ணி போடட்டா என்று கேட்டான். இப்பதான் குடிச்சனான் என்றாள் ஜெகதீஸ்வரி. அவளுடைய பாட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் காணிக்கு வந்து குடியேறியவர். பிரதீபனின் தாய் வீரம்மா எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டையோடு வந்தவள். இரண்டு குடும்பமும் வன்னிக்கு வந்தவைதான். முதலில் வந்தது குடியேற்றம் என்றும் பிறகு வந்தது வரத்து என்றும் ஊரில் கணக்கு. அந்த வீட்டுத் தேத்தண்ணியை இப்பதான் குடித்துவிட்டு வருகிறவர்கள் பலர். கேக்கை இப்பதான் சாப்பிட்டேன் என்று சொன்ன ஒருவரையும் பிரதீபன் கண்டதில்லை.

ஜெகதீஸ்வரி கதிரையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்து சீலையை மடியில் விரித்தாள். "நல்ல கத்தரிப்பூ நிறம், என்ன தம்பி?"

"ஓம் அக்கா," என்றான். அவனுக்கு அது மங்கலான நீலம். ஆனால் கத்தரிப்பூ என்று சொல்லிவிட்டாளே, பாதிக் கிணறு தாண்டியது போல் இருந்தது. மிச்சப் பாதியில்தான் தண்ணீர்.

முதலில் கொப்பிக் கணக்கின்படியே பத்து வெள்ளை, இரண்டு நாவல், ஒரு ரோசா. தடித்த வெள்ளை மட்டையில் ஒரு சதுரம் அடித்தான். பின்பக்கத்தில் பென்சிலால் ஒன்று என்று எழுதினான். சீலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். நிறம் தெரியாதவனுக்கு வெளிச்சமும் மங்கலும் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். சீலை மட்டையைவிட ஒரு நூல் மங்கல் என்பது அவனுக்கு உடனே பிடிபட்டது. இரண்டாவது கலவையில் ஒரு பொட்டுக் கறுப்பைத் தொட்டான். வெளிச்சம் அச்சொட்டாக வந்தது. மூன்றாவதில் பயத்தில் ரோசாவைக் கூட்டிப்போட்டான்.

ஜெகதீஸ்வரி ஏதாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். அவளோ, பெரிய வேலைக்காரனுடைய வேலையில் வாய்வைக்கக் கூடாது என்ற மரியாதையோடு பேசாமல் இருந்தாள். அவளுடைய மரியாதை அவனுக்கு வேர்வையாக வடிந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகக் குசினிக்குப் போனான். போகும்போது மூன்று மட்டையையும் சீலையின் நுனியையும் சேர்த்துப் போனில் படம் எடுத்தான். இதில் எது நல்லது என்று சுகந்தினிக்கு அனுப்பினான். அவள் பஸ்ஸில் இருந்தாள். பதில் உடனே வந்தது: ஓமந்தை தாண்டீட்டன். போனில மூண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு. உங்கட கண்ணுக்கு எது சரியோ அதை அடியுங்கோ.

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். இது வெளியே வந்தால் இனி ஒருவரும் சீலையோடு இந்த வாசலுக்கு வரமாட்டார்கள். ஏர்பிரஷ் வேறு யாருடைய கைக்கோ போகும். அவன் கேக் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறவன் ஆவான்.

திரும்பி வந்தபோது மின்விசிறிக் காற்றில் மட்டைகள் நிலத்தில் பறந்து கிடந்தன. ஜெகதீஸ்வரி அவற்றைப் பொறுக்கிச் சீலைமேல் வரிசையாக அடுக்கியிருந்தாள். இலக்கங்கள் அடிப்பக்கத்தில். புரட்டினால் ஏன் புரட்டுகிறீர்கள் என்பாள்.

"எது தம்பி?"

மங்கலை மட்டும் பார்த்தான். "நடுவில கிடக்கிறது அக்கா. அச்சு அசல்."

அவள் நடு மட்டையை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். தூரத்தில் பிடித்தாள். நெற்றி சுருங்கியது.

"எனக்கெண்டால் இது சாம்பல் மாதிரிக் கிடக்கு," என்றாள் மெதுவாக. பிறகு வெட்கப்பட்டவள் போலச் சிரித்தாள். "நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். எனக்கு இடது கண்ணில வெள்ளை படருது எண்டு டொக்டர் சொன்னவர். வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் இவர் ஒப்பறேசனுக்கு இழுத்துக்கொண்டு போயிடுவார். பிறகு சாமத்தியவீட்டை ஆர் பாக்கிறது? உங்கட கண்ணை நம்பித்தானே தம்பி வந்தனான்."

சொல்லிவிட்டுச் சீலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். எழுந்தாள்.

அவன் தப்பிவிட்டான். அவ்வளவு சுத்தமாகத் தப்பியதுதான் பயங்கரம். அவனுடைய பேருக்கு முன்னால் அவள் தன் கண்ணையே பொய்யாக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கத்தரிப்பூச் சீலை உடுத்த பிள்ளைக்குப் பக்கத்தில் மூன்று தட்டில் சாம்பல் நிறக் கேக் நிற்கும். ஐந்நூறு சனத்தில் ஒரு பொல்லாத வாய் போதும், திவசத்துக்கு அடித்த கேக்கா என்று கேட்க. அதுவரைக்கும் இந்த மனுசி பிழை தன்னுடைய கண்ணில்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஆட்டோக்காரன் என்ஜினைப் போட்டுவிட்டான்.

"அக்கா, நில்லுங்கோ."

அவள் திரும்பினாள்.

"பிழை உங்கட கண்ணில இல்லை. என்ர கண்ணிலதான். நிறத்தில எனக்கு இந்த மூண்டும் ஒண்டுதான் அக்கா."

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினான். அதிகம் பேசவில்லை, புள்ளிப் புத்தகத்தைச் சொன்னான், கொப்பியைக் காட்டினான். ஜெகதீஸ்வரியின் முகத்தில் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்திருந்தால் அது அவனுடைய பிழை. அவளுக்கு வந்தது கோபம்.

"அப்ப என்ர மச்சாளின்ர மகளுக்குப் பீச் நிறத்தில அடிச்சது ஆர்?"

"நான்தான். எண்ணி அடிச்சனான்."

"அது அப்பிடியே இருந்ததே."

"எண்ணினால் அப்பிடியேதான் இருக்கும் அக்கா."

அவள் ஆட்டோக்காரனைப் பார்த்து என்ஜினை நிற்பாட்டச் சொன்னாள். மணியைப் பார்த்தாள்; மூன்றாக இன்னும் ஐந்து நிமிடம். பெட்டியைத் திறந்து சீலையை மறுபடி மடியில் விரித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். "அப்ப நீங்கள் எண்ணுங்கோ. நான் பாக்கிறன்," என்று சொல்லி, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

பிரதீபன் வெள்ளைப் போத்தலைத் தூக்கிப் பார்த்தான். ஏற்கெனவே குறைந்திருந்த போத்தல்; மூன்று கலவைக்கும் வீணாக்கியதில் கால்வாசிதான் மிச்சம். மூன்று தட்டுக்கும் அது மட்டுமட்டு. வேறு வெள்ளை வவுனியாவில்தான் வாங்கலாம்; வாங்கக்கூடியவளோ ஓமந்தையையும் தாண்டி வந்துகொண்டிருந்தாள். சின்னதாகக் கலந்து பார்த்துப் பிறகு பெரிதாகக் கலக்க வழியில்லை. இதுதான் கலவை. மென்மையான நிறத்தில் ஒரு கொடுமை உண்டு: போட்ட சொட்டை எடுக்க முடியாது. கூடிவிட்டால் வெள்ளையை ஊற்றித்தான் குறைக்க வேண்டும். ஊற்ற வெள்ளை இல்லை.

அதை ஜெகதீஸ்வரிக்கும் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். பொத்திய கையை எடுக்கவில்லை.

வெள்ளை முழுவதையும் கிண்ணத்தில் ஊற்றினான். புதிய நாவலில் ஐந்து சொட்டு. கலக்கி, மட்டை நுனியில் தொட்டுக் காட்டினான்.

"நீலம்."

ரோசா இரண்டு.

"இன்னும் நீலம்தான்."

ரோசா இன்னும் ஒன்று. காயும்வரை ஊதிக்கொண்டிருந்தான். ஈரத்தில் பார்த்தால் நிறம் பொய்சொல்லும் என்று கராஜில் கற்றது. அவள் மட்டையைச் சீலையின் மடிப்புக்குள் செருகிப் பார்த்தாள்.

"வருது. ஆனால் சோகை பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

அது மங்கல் விஷயம். அதற்கு அவள் தேவையில்லை. நாவல் ஒன்று, இன்னொன்று. "இப்ப வெளிச்சம் சரி," என்றான். "நிறத்தைச் சொல்லுங்கோ."

"ரோசா கொஞ்சம் காணாது."

"எத்தனை அக்கா?"

"அதை நீங்கள்தானே சொல்லவேணும்?"

"எனக்குத் தெரிஞ்சால் உங்களை ஏன் கேக்கிறன்?"

அவள் ஒற்றைக் கண்ணால் அவனை முறைத்தாள். "ஒண்டு."

ஒன்று போட்டான். காய்ந்தது. பார்த்தாள். நேரம் மூன்றரை ஆகிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். சரியா இல்லையா என்று அவள் சொல்வதற்குள் ஒரு வருசம் போனது போல் இருந்தது.

"கிட்ட வந்திட்டுது. இன்னும் ஒரே ஒரு சொட்டு."

அவன் ரோசாப் போத்தலைச் சரித்தான். மூக்கில் சொட்டுத் திரண்டது. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வாசலில் வெயில் ஏறியது. சீலையும் மட்டையும் ஒன்றாக வெளித்தன.

"வேண்டாம். வேண்டாம் தம்பி, இதுதான்."

சொட்டு விழத் தொடங்கிவிட்டது. அவன் இடக்கையைக் கிண்ணத்துக்குமேல் நீட்டினான். ரோசா உள்ளங்கையில் விழுந்து, ரேகை வழியே மணிக்கட்டுக்கு ஓடியது. இருவரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அதற்குள் ஒன்றும் விழவில்லை. ஜெகதீஸ்வரி கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். பொத்தியிருந்த கண்ணில் தண்ணீர் வழிந்தது, அழுத்திப் பிடித்ததால்தான்.

நாவல் ஏழு, ரோசா நாலு. அவன் கொப்பியில் எழுதினான்.

சீலையை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் வாசலில் நின்றாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்களும் என்ர கண்ணைப் பற்றி மூச்சு விடப்படாது. விட்டால் நானும் விடுவன்." அவன் ஓம் என்றான். நம்பிக்கையைவிட உறுதியான ஏற்பாடு அது.

சுகந்தினி ஐந்து மணிக்குக் கேக் தாங்கியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். தன் போனில் இருந்த சீலைப் படத்தைப் பார்க்கவே இல்லை. போன கிழமை ஓடர் தரும்போது ஜெகதீஸ்வரியின் தங்கச்சி கனடாவிலிருந்து வீடியோவில் காட்டிய சீலை நினைவில் இருந்தது. "இதுதான் நிறம். உங்கட கண் போதும் எண்டு சொன்னனான் தானே," என்றாள்.

ஓம் என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் கொப்பியில் நாவல் சேர்ந்த நிறங்கள் பதினொன்று இருந்தன. புதிய போத்தலுக்குப் பதினொன்றையும் திருப்பி எண்ண வேண்டும். தவிர, மதியம் ஒரு தடவை உண்மை சொன்ன வாய்க்கு இரண்டாவது தடவை அவ்வளவு கசக்கவில்லை. சொன்னான். ஜெகதீஸ்வரியின் கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னான்.

சுகந்தினி கேட்டுக்கொண்டே தாங்கியைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"அப்ப அந்த ட்ரைவர் வேலை?"

"நான்தான் பெயில்."

"ஆள் எடுத்து முடிஞ்சுதெண்டது?"

அவன் கொப்பியை மூடி வைத்தான்.

"என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்யிறீங்கள் எண்டு நான் ஊர் முழுக்கப் பெருமையடிச்சனான்."

கேட்டது உண்மை, கேட்ட காரணம்தான் வேறு. இதை வாயால் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று தெரிகிற அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது. அவள் உள்ளே போய்க் கை கழுவினாள். தண்ணீர் நெடுநேரம் ஓடியது. அவன் கிண்ணத்தின் முன்னால், மருத்துவ அறையில் புத்தகத்தின் முன்னால் இருந்தது போல, உட்கார்ந்திருந்தான்.

வந்து நின்றாள். கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளை அடியில படியுது. கலக்குங்கோ."

அவன் நிமிர்ந்தான்.

"நாளைக்குக் காலமையில இருந்து கரண்ட் இல்லையாம். இப்ப அடிச்சால்தான் உண்டு. மிச்சக் கதையை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வைச்சுக்கொள்ளுறன். அது கனக்கக் கிடக்கு."

ஏசி அறையில் கேக் வெள்ளையாக நின்றது. சுகந்தினி வெளிச்சம் விழும் பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். ஏர்பிரஷை அவள்தான் எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கொடுத்த விதத்தில் அன்பு ஒன்றும் இருக்கவில்லை. கொம்பிறசர் உறுமியது. அவன் மேல்தட்டிலிருந்து தொடங்கினான். நிறம் புகைபோல வந்து ஐசிங்கில் இறங்கியது. அவனுக்கு அது நீலம்.

அடித்தட்டுக்கு வந்தபோது கிண்ணம் ஏறக்குறையக் காலி. கையை ஓடவிடாமல், மூச்சையும் விடாமல், மிச்சத்தை நீட்டி நீட்டி அடித்தான். பின்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை எஞ்சியது. ஏர்பிரஷ் வெறும் காற்றை ஊதியது.

"அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பம்," என்றாள் சுகந்தினி. "நிறுத்துங்கோ. நிறம் சரி."